கேப்டனுக்குக் கை காட்டியவன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில். பெயர் எதற்கு, அந்த வரிசையில் எந்த மில்லை நினைத்துக்கொண்டாலும் சரிதான். உள்ளே போனால் கூரையை ஒட்டி ஒரு கிரேன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருக்கும். அதோடு சேர்ந்து தொங்குகிற கண்ணாடிக் கூண்டில் சாம்சன் உட்கார்ந்திருப்பான். கீழே தரையில், மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வரதன் நிற்பான்.

மேலே இருப்பவனுக்குத் தூக்கத் தெரியும். ஆனால் கொக்கிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவன் கண்ணுக்குத் தெரியாது. கீழே இருப்பவனுக்கு எல்லாம் தெரியும், லீவரைத் தொட அவனுக்கு உரிமை கிடையாது. நடுவில் இருக்கிற இரைச்சலோ, காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காத இரைச்சல். அதனால் எல்லாமே கைதான். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. கட்டைவிரல் காட்டும் பக்கம் நகரு. உள்ளங்கையை விரித்துக் கையை உயர்த்தினால் நிறுத்து. அந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் தனிச் சட்டம். அதை யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும், ஏன் என்று யோசிக்கக் கூடாது. நிறுத்திவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்பது வருஷமாக அந்த இரண்டு பேரும் இப்படித்தான். ஷிப்ட் மாறினால் சேர்ந்தே மாறுவார்கள். சாம்சன் லீவு போட்டால் வரதனும் ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மெஹர்னிசாவின் பிரவுசிங் சென்டர். ஸ்டேஷனை விட்டு பஜாருக்குள் நுழைந்ததும் ஜலாலுதீனின் செல்போன் கடை, அதற்குப் பின்னால் பலகை அடைத்த ஆறு தடுப்பு, ஆறு மெஷின். மெஹர்னிசா ஜலாலுதீனின் தங்கை, பழவேற்காட்டுப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள். ஆறாம் நம்பர் மெஷினில் அவளுடைய அண்ணன் ஒரு விமான கேம் போட்டு வைத்திருந்தார். பர்மா பஜாரிலிருந்து ஒரு ஜாய்ஸ்டிக்கும் வாங்கி வந்து மாட்டியிருந்தார். பையன்களுக்கு அது பிடிக்கவில்லை. சுடுவதற்கு எதிரி இல்லை, குண்டு இல்லை. மீனம்பாக்கத்தில் ஏறி, மணிக்கணக்கில் பறந்து, மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் போய்விட்டார்கள்.

சாம்சனுக்கு மட்டும் அந்தக் குச்சியைப் பிடித்த முதல் நிமிஷமே தெரிந்துவிட்டது, இது நம்ம லீவர் என்று. ஆனால் திரையின் அடியில் இருந்த எட்டுப் பத்து வட்டமும் முள்ளும் எழுத்தும் அவனுக்கு ஓடவில்லை. வரதன் பக்கத்தில் வந்து நின்றான். லாரிக்கு எத்தனை டன் என்று காகிதம் பார்த்துப் பழகியவன், இரண்டே வாரத்தில் எந்த முள் எதற்கு என்று பிடித்துக்கொண்டான். சத்தம் போடக் கூடாது என்று மெஹர்னிசா சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். அதனால் அவன் வாயே திறக்கவில்லை. மில்லில் காட்டுவது மாதிரியே கையைக் காட்டினான். சாம்சன் ஒரு கண்ணால் திரையையும் ஒரு கண்ணால் அந்தக் கையையும் பார்த்து விமானத்தை இறக்கினான். சக்கரம் தரையைத் தொட்டது கூடத் தெரியவில்லை.

அந்தச் சேதி பஜாரில் பரவியது. ஞாயிறு பதினோரு மணிக்கு, சர்ச் விட்டதும், ஆறாம் நம்பர் மெஷினுக்குப் பின்னால் நாலு பேர், ஆறு பேர் என்று நிற்க ஆரம்பித்தார்கள். டீக்கடை ஜெயராஜ்தான் முதலில் 'கேப்டன்' என்று கூப்பிட்டது. அதற்கப்புறம் ஊரே கூப்பிட்டது. சாம்சன் கடந்து போனால், "இன்னா கேப்டன், இன்னிக்கு ஏதாவது ஃபிளைட்டு கீதா?" என்பார்கள். பக்கத்தில் போகிற வரதனை யாரும் ஒன்றும் கூப்பிடவில்லை. வரதனும் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. சொல்லவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா, நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாயிரத்து ஐந்தின் மழைக்காலம் முடிகிற சமயம், மெஹர்னிசா ஒரு நாள் சொன்னாள்.

"அண்ணே, இந்த கேம செஞ்சவங்க புதுசா ஒண்ணு செய்றாங்களாம்."

"எப்போ வருது?"

"அத்த தான் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. கம்பெனிக்காரன் வாயே தொறக்கல. ஆனா நெட்ல ஒரு எடம் இருக்கு, உலகம் பூரா இந்த கேம் ஆடுறவங்க வந்து பேசிக்கினு இருக்காங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

அன்று முதல் விளையாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் சேதி வாசிப்பு என்று ஆகிவிட்டது. அவள் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வாள். நிற்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று சேர்ப்பார்கள். கம்பெனி காட்டிய ஒரே ஒரு மங்கலான படத்தில் ஒரு கடலும் ஒரு மேகமும் இருந்தன. மேகத்தின் ஓரம் சிவந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் நேரம் மாறினால் வெளிச்சமும் மாறும் என்றார். இன்னொருவர் கடலில் அலை அடிக்கும் என்றார். மூன்றாமவர் உலகத்திலிருக்கிற எல்லா ஊரும் வரும் என்று அடித்துச் சொன்னார்.

"எல்லா ஊருன்னா நம்ம ஊருமா?" என்றார் ஜெயராஜ். பழைய கேமில் கும்மிடிப்பூண்டி இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஒன்றுமே இருக்காது. வடக்கே ஒரு நீலத் திட்டு. அதுதான் பழவேற்காடு ஏரி என்று இவர்களாக வைத்துக்கொண்டது.

"அப்போ அத்திப்பட்டு பவர் ஹவுஸ் பொகைக்கூண்டு வரும்."

"பொகையோட வரும்."

"எங்க ஏரில பூநாரை வரணும். அது இல்லன்னா நான் ஒத்துக்க மாட்டேன்," என்றாள் மெஹர்னிசா.

"உன் டீக்கடை வருமா பாரு ஜெயராஜு."

"வந்தா மேல இருந்து பாத்துட்டு உன் பாக்கிய நீயே குடுத்துடுவ."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் அடுத்ததைப் படித்தாள். புது கேமில் ஒரே விமானத்தில் இரண்டு பேர் உட்காரலாமாம். இரண்டு மெஷின், இரண்டு ஆள், ஒரு விமானம். இடது சீட்டில் கேப்டன், வலது சீட்டில் இன்னொருவர். கேப்டன் விட்டுக்கொடுத்தால் வலது சீட்டுக்காரனும் ஓட்டலாம்.

எல்லோரும் ஒரு கணம் ஆறாம் நம்பர் மெஷினையும், பக்கத்தில் இருந்த ஐந்தாம் நம்பரையும் பார்த்தார்கள்.

"அப்ப எனக்கும் ஒரு சீட்டு," என்றான் வரதன். அங்கே வர ஆரம்பித்த ஒன்பது மாதத்தில் அவன் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

சாம்சன் சிரித்தான். "நீ குச்சிய புடிச்சா ஏரில தான் கொண்டாந்து உடுவ. நின்னு கைய காட்டு, அது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். வரதனும் கொஞ்சம் சிரித்தான்.

அடுத்த வாரம் ஒரு சேதி. ஆடுகிறவர்களுக்கு என்னென்ன ஆசை என்று அந்த நெட் இடத்தில் கேட்டிருந்தார்கள். பல பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். "நாமளும் ஒண்ணு எழுதலாமா?" என்றாள் மெஹர்னிசா. புகைக்கூண்டையும் பூநாரையையும் எழுதினாள். அப்போது வரதன், "நான் ஒண்ணு சொல்றேன், எழுதுறியாம்மா?" என்று கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான். விமானம் இறங்கினதும் கீழே ஒருத்தன் இரண்டு கையையும் ஆட்டி, வா, திரும்பு, நில் என்று காட்டுகிறானே, அவனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புது கேமில் அவனாகவும் ஒருத்தர் ஆட வேண்டும். மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் கை காட்டினால்தான் இறங்க முடியும் என்று இருக்க வேண்டும். "நான் ஒரு மில்லுல அந்த வேல தான் செய்றேன்னு எழுது. வரதன், கும்மிடிப்பூண்டின்னு போடு."

சாம்சன் அப்போது வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது. தன் பெயர் வருமா என்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். வரவில்லை.

மூன்று நாளில் நாற்பது பேர் அதற்குப் பதில் எழுதியிருந்தார்கள். ஒரு வாரத்தில் இருநூறு. நிஜமாகவே விமானத்துக்குக் கை காட்டுகிற வேலை செய்பவர் ஒருவர், இருபது வருஷத்தில் எங்களைப் பற்றிப் பேசின முதல் ஆள் நீங்கள்தான் என்று எழுதினார். அப்புறம், உள் விஷயம் எல்லாம் தெரிந்தவர் என்று அங்கே எல்லோரும் மதிக்கிற ஒருவர் ஒற்றை வரி போட்டார். கும்மிடிப்பூண்டிக்காரரின் யோசனை கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்திருக்கிறது, பொறுத்திருந்து பாருங்கள் என்று. அவ்வளவுதான், அங்கே தீப்பிடித்துக்கொண்டது. கம்பெனி அவருக்குக் கடிதம் போட்டுவிட்டது என்றார் ஒருவர். புது கேமில் கை காட்டுகிற பொம்மைக்கு வரதன் என்றுதான் பெயர் என்றார் இன்னொருவர்.

நெட்டில் பிடித்தது பஜாருக்கும் வந்தது. "யோவ் ஜெயராஜு, நம்ம வரதன் கேம்ல வராராம்யா." "மூஞ்சியும் அதே மூஞ்சியாம்." "மஞ்ச ஹெல்மெட்டோட போட்டோ கேட்டாங்களாமே?" யாரும் கேட்கவில்லை. ஆனால் வரதன் ஸ்டேஷன் ரோட்டில் போனபோது, அதுவரை அவனைப் பார்த்தே இராத ஒரு மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பக்கத்தில் போன சாம்சனிடம், "நீங்களும் அவர் கூட தான் வேல செய்றீங்களா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி சாம்சனுக்குள் இறங்கியது. எங்கே போய் உட்கார்ந்ததோ, எடுக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் விமானத்தை மிக அழகாக இறக்கினான். திரும்பிப் பார்த்தால் பின்னால் பன்னிரண்டு பேர். ஒருவர் கண்ணும் திரையில் இல்லை. எல்லோரும் வரதனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்த வெரல எப்டி சுத்துறாரு பாத்தியா," என்றது ஒரு குரல். ஓட்டினவன் யார் என்று கேட்க ஆளில்லை.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். மனைவி பிரின்சி ஒரு லெதர் கம்பெனியில் ஷூ தைக்கிறவள், கண் கூர்மை.

"இன்னாயா, மொகம் ஏன் இப்டி கீது?"

"ஒண்ணும் இல்ல. வரதன் பண்றது தான் தாங்கல. கேம்ல வரப்போறானாம். பெரிய இவன் மாதிரி ஆயிட்டான்."

"அவரு இன்னா பண்ணாரு? முந்தி மாதிரி தான கீறாரு. நேத்து கூட கொய்யாப்பழம் கொண்டாந்து குடுத்துட்டு போனாரே."

"நான் ஓட்டலன்னா அவன் கைய யாருக்குக் காட்டுவான்? காக்காக்கா?"

பிரின்சி தட்டை எடுத்தாள். "அந்த கேமே இன்னும் வரலன்றியே. வராத கேம்ல இல்லாத சீட்டுக்கு நீ இன்னாத்துக்குயா வவுறு எரியிற?"

எரிகிற வயிறு பதில் தேடுமா? அன்று மத்தியானம் முழுக்கப் படுத்துக்கொண்டு ஒரே கணக்குப் போட்டான். நான் இல்லாமல் அவனால் ஒரு கம்பியைக்கூடத் தூக்க முடியாது. அவன் இல்லாமல் என்னால் முடியும். முடியும்தானே? ஒன்பது வருஷமாக அதே இடம், அதே லாரி, அதே உயரம். கை இல்லாமலே இறக்கலாம். இறக்கிக் காட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட். லாரியில் ஏற்ற வேண்டிய கம்பிக் கட்டு, மூன்று டன். வரதன் சங்கிலி மாட்டிவிட்டு விலகி நின்று விரலைச் சுழற்றினான். சாம்சன் தூக்கினான். நகர்த்தினான். லாரிக்கு மேலே வந்து இறக்க ஆரம்பித்தான். பாதி இறங்கியிருக்கும். கீழே வரதனின் கை உயர்ந்தது. உள்ளங்கை விரிந்திருந்தது.

சாம்சன் அதைப் பார்த்தான். பார்க்கவில்லை என்று பின்னால் தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்தான், ஆனால் பார்த்தான். கூண்டின் கண்ணாடி வழியாக, ஒன்பது வருஷமாகப் பார்க்கிற அந்தக் கையை, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரியப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணைக் கட்டின் மேல் வைத்துக்கொண்டு லீவரை விடாமல் அழுத்தினான்.

கட்டு லாரியில் உட்கார்ந்தது. ஒரு ஆட்டம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. டிரைவர் பக்கத்துக் கதவு கூட அதிரவில்லை.

பார்த்தாயா என்று அவன் நெஞ்சு சொன்னது. அந்தச் சந்தோஷம் முழுசாக ஐந்து நிமிஷம் இருந்தது. கீழே வரதன் உயர்த்திய கையை மெதுவாக இறக்கினான். லாரி மேல் ஏறிச் சங்கிலியைக் கழற்றினான். இறங்கி வந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அடுத்த கட்டுக்கு விரலைத் தூக்கவில்லை. கொக்கி நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. சாம்சன் கிரேனின் மணியை அடித்தான். வரதன் அண்ணாந்து பார்க்கவில்லை. ஷிப்ட் இன்சார்ஜ் அருணாச்சலத்தின் அறைக்கு நடந்து போனான்.

என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. சாம்சனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம். சொல்லியிருந்தால் அன்றைக்கே சாம்சனைக் கூண்டிலிருந்து இறக்கியிருப்பார்கள். மறுநாள் வரதன் அடுத்த ஷெட்டில் இருந்தான். இந்தப் பக்கம் தானியேல் என்று ஒருவன் வந்து நின்றான். நல்ல பையன். கையைச் சரியாகத்தான் காட்டினான். ஆனால் அவன் விரல் சுழல்கிற வேகம் வேறு. தமிழில் பேசிக்கொண்டிருந்தவனிடம் திடீரென்று தெலுங்கில் பேசின மாதிரி, சாம்சன் ஒவ்வொன்றையும் யோசித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிறு வரதன் வரவில்லை. சாம்சன் தனியாக உட்கார்ந்தான். முள்ளெல்லாம் சுற்றின. எது உயரம், எது வேகம்? ஓடுபாதைக்கு முன்னாலேயே விமானம் தரையில் முட்டித் திரை நின்றுபோனது. இரண்டாவது தடவையும் அப்படியே. "கேப்டனுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல," என்று ஜெயராஜ் கூட்டத்தைக் கலைத்து அனுப்பினார். அதற்கடுத்த ஞாயிறு கூட்டமும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு மெஹர்னிசா அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு விஷயம். அந்த உள் விஷயம் தெரிஞ்சவருன்னு ஒருத்தரு இருந்தாரு இல்ல, அவரு யாருன்னு கண்டுபுடிச்சிட்டாங்க. அவரு ஒரு பல் டாக்டராம். கேம் கம்பெனிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாதாம். ரெண்டு வருஷமா எல்லாத்தையும் அவரா யூகிச்சி எழுதிக்கினு இருந்திருக்காரு."

"அப்போ வரதன் சொன்னது?"

"கம்பெனிக்காரங்க அத்த படிச்சாங்களான்னு கூட தெரியாதுண்ணே. ரெண்டு சீட்டும் கூட யாரோ சொன்னது தான். வந்தா தான் தெரியும்."

சாம்சன் சிரித்தான். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. பல் டாக்டர்! நேராக ஸ்டேஷனுக்கு நடந்து பொன்னேரிக்கு டிக்கெட் எடுத்தான். வரதன் வீடு பொன்னேரியில். கவரைப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். 'இன்னா வரதா, பல்லு கில்லு வலிக்கிதா?' என்று ஆரம்பிக்கலாம். அல்லது தெருவில் நாலு பேர் இருக்கும்போது சொல்லலாம். ஜன்னலுக்கு வெளியே வயல் போய்க்கொண்டிருந்தது. நெல் முற்றியிருந்தது. எந்த வாக்கியம் அதிகமாக வலிக்கும் என்று அவன் அளந்துகொண்டிருந்தான்.

வரதன் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டான்.

"அந்த ஆளு பல் டாக்டராம்," என்றான் சாம்சன். ரயிலில் தயார் செய்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"டாக்டருன்னு தெரியாது. புளுகுன்னு தெரியும்."

"எப்போ தெரியும்?"

"மொத வாரமே மெஹரு சொல்லுச்சி. இந்த ஆளு சொல்றத நம்ப முடியாதுண்ணே, சும்மா உடுறாரோன்னு தோணுதுன்னு. நான் தான் யாருக்கும் சொல்லாதன்னு சொன்னேன்."

"ஏன்?"

வரதன் பெடலை ஒரு சுற்று சுற்றினான். "ஒன்ன கேப்டன்னு கூப்ட்டானுங்க. ஒரு வருஷமா. நான் பக்கத்துலயே தான் நின்னுக்கினு இருந்தேன். எவனாவது என்ன ஒரு பேர் சொல்லிக் கூப்ட்டானா? நீ கூப்ட்டியா? ஒரு மாசம் என்ன கூப்ட்டானுங்க. பொய்யின்னு தெரிஞ்சும் நல்லா தான் இருந்திச்சி. நெட்டுல எழுத சொன்னப்போ உன் பேர சொல்லாததும் வேணும்னு தான். மறந்துட்டேன்னு நெனச்சிக்காத."

சாம்சன் ஸ்டூலில் உட்கார்ந்தான். தனக்கு மட்டும்தான் எரிந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். பக்கத்திலேயே ஒருத்தன் ஒரு வருஷமாக, புகை வராமல் எரிந்துகொண்டிருந்திருக்கிறான்.

"அதுக்கு நீ இன்னா வேணா பண்ணியிருக்கலாம்," என்றான் வரதன். "கைய காட்டுனன் இல்ல, அன்னிக்கு. நீ பாத்த. பாத்தத நான் பாத்தேன். நிறுத்தல. சரி. அப்புறமாவது ஏன் நிறுத்த சொன்னேன்னு கேட்டியா? இன்னிக்கு வரிக்கும் கேட்டியா?"

"ஏன் சொன்ன?"

"செயின்ல ஒரு கொக்கி நழுவி நுனில நின்னுக்கினு இருந்திச்சி. ஆடியிருந்தா கட்டு பிரிஞ்சிருக்கும். லாரிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அந்த டிரைவரு, கால் மேல கால் போட்டுக்கினு பீடி புடிச்சிக்கினு இருந்தாரு."

தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. சாம்சனுக்குத் தன் உள்ளங்கையில் லீவரின் வழவழப்பு திரும்ப வந்தது. அந்த ஐந்து நிமிஷச் சந்தோஷம் ஒரு கொக்கியின் நுனியில் நின்றுகொண்டிருந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அவனுக்கும் தெரியும். அதைச் சொல்ல வாய் திறந்தான். வந்தது வேறு.

"ஞாயித்துக்கெயம வா. பதினோரு மணிக்கு."

வரதன் சைக்கிளை நிமிர்த்தினான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆறாம் நம்பர் மெஷின் பக்கத்தில் வரதன் நின்றிருந்தான். சாம்சன் உள்ளே வந்ததும் நேராகப் போய்க் குச்சியின் முன்னால் உட்கார்ந்தான். ஜெயராஜ் எப்படியோ மோப்பம் பிடித்துக் கூட்டத்தைக் கூட்டி வந்துவிட்டார். மெஹர்னிசா புதுச் சேதி படிக்கவில்லை. இன்று படிக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது.

மீனம்பாக்கத்தில் ஏறினார்கள். கடற்கரை ஓரமாக வடக்கே போனார்கள். பச்சைப் பாய் வந்தது. அத்திப்பட்டு இருக்க வேண்டிய இடம், புகைக்கூண்டு இல்லாமல். பொன்னேரி, வயல் இல்லாமல். கும்மிடிப்பூண்டி, ஒன்றுமே இல்லாமல். நீலத் திட்டுக்கு மேலே வரதனின் கட்டைவிரல் சாய்ந்தது, விமானம் திரும்பியது. பழைய வேகத்தில் விரல் சுழன்றது. சாம்சனின் மணிக்கட்டு யோசிக்காமல் கேட்டது. தூரத்தில் மறுபடி மீனம்பாக்கம் ஓடுபாதை தெரிந்தது. சாம்பல் கோடு, நேர் நடுவில். அவ்வளவு சுத்தமாக அது இதுவரை அவனுக்கு அமைந்ததே இல்லை. இன்னும் கொஞ்சம். எண் எழுதியிருப்பது கூடத் தெரிந்தது.

வரதன் கையை உயர்த்தினான். உள்ளங்கை விரிந்திருந்தது.

சாம்சன் பார்த்தான். எதிரே எல்லாம் சரியாக இருந்தது. உயரம் சரி, நேர் சரி, அவன் கண்ணுக்கே தெரிந்தது. ஆகாயத்தில் போகிற விமானத்தை எப்படி நிறுத்துவது? பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். கேப்டன் என்று கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும்.

அவன் குச்சியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டான்.

விமானம் கொஞ்ச தூரம் தானாகவே போனது. பிறகு மூக்கு தாழ்ந்தது, இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தது, ஓடுபாதைக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னால் பச்சையில் போய் முட்டித் திரை நின்றது.

"யோவ், ஏன்யா உட்ட?" என்றார் ஜெயராஜ். "நல்லா தான வந்துக்கினு இருந்த. ஃபிளைட்டுல ஏதுய்யா ஸ்டாப்பு?"

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். சாம்சனின் காது சிவந்தது. அவன் திரும்பி வரதனைப் பார்த்தான். நிறுத்தியாகிவிட்டது, இனிமேல் கேட்கலாம்.

"ஏன் நிறுத்த சொன்ன?"

வரதன் உயர்த்திய கையை இன்னும் இறக்கவில்லை. இப்போதுதான் இறக்கினான்.

"சும்மா தான்," என்றான்.

சாம்சன் தலையை ஆட்டினான். கூட்டம் கலைந்து டீக்கடைப் பக்கம் போனது. மெஹர்னிசா மட்டும் தன் மேசையிலிருந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஒண்ணு," என்றான் சாம்சன், திரையைப் பார்த்துக்கொண்டே. "புது கேம் வந்திச்சின்னா, ரெண்டு சீட்டுன்றது நெஜமா இருந்திச்சின்னா, லெஃப்ட்டு சீட்டு எனக்கு தான்."

"மொதல்ல வரட்டும்."

"வந்தா?"

"வந்தா பாத்துக்கலாம். ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான்."

சாம்சனுக்கு உள்ளே எங்கோ ஒரு மூலையில் பழைய எரிச்சல் ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தது. ஒரு வாரமா? அவனுக்கு ஒரு முழு வாரமா? குச்சியைப் பிடித்தான்.

வரதன் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினான்.